மருந்து ரூமுக்கு ஒரே கதவு

1

இந்த ஊரில் கோபப்படுவதற்குக்கூட முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். நானும் வாங்கினேன். மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தின் இணையதளத்துக்குள் போய், ஆசிரியர் பெயரைத் தேடி, காலியாக இருந்த ஒரு பத்து நிமிடத்தைப் பிடித்தேன். 'சந்திப்பின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர்கள் கொடுத்திருக்கும் பதில்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிள்ளையின் முன்னேற்றம், பிள்ளையின் நடத்தை, பிள்ளையின் உடல்நலம், பொது. நியாயம் கேட்க என்று ஒன்று இல்லை. 'பொது' என்பதை அமுக்கினேன்.

நாங்கள் கனடாவுக்கு வந்து இந்தச் சித்திரையோடு பன்னிரண்டு வருஷம் நிறைகிறது. டொராண்டோவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுகிறார். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறேன். சிவகாசியில் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பட்டாசு லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் தாள் அடுக்கிய கை இது. அடுக்குவதும் மடிப்பதும் எனக்குப் பழகியதுதான். பழகாதது இரண்டு. ஒன்று பனி. இன்னொன்று பள்ளிக்கூடம். இன்றைக்கும் பள்ளிக்கூட வாசலில் கால் வைத்தால், யாரோ என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லப்போகிறார்கள் என்று தோன்றும்.

போதாததற்கு நான் பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருகிறவள். பனி அள்ளுகிற லாரி தன் இரும்புத் தட்டைத் தரையில் போடும்போது டமாரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே ஊருக்குப் போன் போட்டுவிடுவேன். விஸ்வநத்தத்தில் இருக்கும் என் தங்கை ராஜாத்தி எடுத்து, "என்னக்கா, அங்கன லாரி வந்துருச்சா?" என்று கேட்பாள்.

அவள் பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் மருந்து அடைக்கிறவள். நான் இப்போது எழுதுவது அவளைப் பற்றியும், அவள் உட்காருகிற இடத்துக்கு எதிரே இருக்கும் ஒரு கதவைப் பற்றியும்தான்.

2

என் மகன் கதிர் பதினொன்றாம் வகுப்பு. பொறியியல் வடிவமைப்பு என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறான். நல்ல பாடம், அதைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற வேலையே கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் போடுகிறார்கள், அதைப் பிடித்து இழுத்தால் பெட்டியாகிறது, பெட்டியைக் குடைந்தால் அறையாகிறது, அறையைத் திருப்பித் திருப்பி எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். சுவர் தாங்குமா தாங்காதா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். தப்பாகிவிட்டால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், தப்பு நடக்காத மாதிரி ஆகிவிடும்.

பனிக்காலத்தில் ஒருநாள் நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம் வந்த ஊரிலிருந்து, ஆட்கள் வேலை செய்கிற ஓர் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதைப் பாதுகாப்பான இடமாக வடிவமைக்க வேண்டுமாம். வருஷத்தின் பெரிய பாடவேலை அதுதான், அந்த மார்க்கைப் பல்கலைக்கழகத்தில் பார்ப்பார்கள் என்றான். பிறகு, "அம்மா, சித்தி என்ன வேலை பண்றாங்க?" என்று கேட்டான்.

எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. இங்கே வரும்போது அவனுக்கு நாலு வயசு. இப்போது அவன் தமிழ் பேசுவதைக் கேட்டால், வழுக்குகிற பனியில் ஒருவன் காலை அழுத்தி அழுத்தி வைப்பது மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளை தானாக வந்து சித்தியைப் பற்றிக் கேட்கிறான். கையிலிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் சொன்னேன். "மருந்து ரூம்ல வேலை பாக்குறா. சின்ன ரூமுதான். நாலு பேருக்கு மேல உள்ள இருக்கக் கூடாது. மண்ணு தூசி ஆகாது. செருப்பு போட்டுப் போகக் கூடாது. போனெல்லாம் வெளிய வச்சிட்டுத்தான் போகணும்."

ஒவ்வொன்றாகப் போனில் தட்டிக்கொண்டான். தலையாட்டிக்கொண்டான். தேங்க்ஸ்மா என்று போய்விட்டான்.

சிவகாசிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொன்னதில் என்ன குறை என்று தெரியாது. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை, டாக்டர் குத்துவது ஊசி, பிள்ளைக்கு ஊற்றுவது டானிக். "மருந்து ரூம்ல இருக்கா" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஒன்று வந்து போகும். அவளுக்கு உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கதிருக்கு அந்தச் சொல் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்கும். 'ம' வரிசையில் மரம், மயில், மருந்து. மருந்துக்கு ஒரு பாட்டிலும் கரண்டியும் வரைந்திருப்பார்கள்.

3

மார்ச் மாதம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பிள்ளைகளின் வடிவமைப்பைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அழைப்பு. வீட்டுக்காரருக்கு ஷிப்ட். நான் மட்டும், என்னிடமிருந்த ஒரு நல்ல சேலையைக் கட்டி, அதற்குமேல் குளிர் அங்கியைப் போட்டு, சேலை தெரியாமலே போனேன்.

கதிருடையது நடுவில், பெரிய திரையில் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று ஓர் அறை. தடிச் சுவர், தடிக் கூரை. ஜன்னல் இல்லை. காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் இயந்திரம். உள்ளே முகமூடி போட்ட நாலு பொம்மை மனிதர்கள். அவர்கள் உள்ளே வர ஒரே ஒரு கதவு, அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். கீழே தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மருந்து தயாரிக்கும் அறை, சிவகாசி, இந்தியா.

திரை சுற்றச் சுற்ற நான் அடுத்த கதவைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் வந்தது. இடப்பக்கம் வந்தது. பின்பக்கம் வந்தது. சுவர், சுவர், சுவர். அந்தப் பொம்மைகளில் ஒன்றுக்கு என் தங்கையின் முகம் வந்துவிட்டது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, வெறும் பயம்தான். அந்தப் பயம் எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் உண்டு.

ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்றார். சிரித்த முகம், மெலிந்த மனிதர். உங்கள் மகன் மிகத் திறமைசாலி, வகுப்பிலேயே நேர்த்தியான மாடல் இதுதான் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்து, கதவு ஒன்றுதானா என்று கேட்டேன். ஒரே கதவு இருந்தால்தான் தூசி வராது, நல்ல சிந்தனை என்றார். இது தப்பான அறை, அங்கே நாங்கள் கிராக்கர் செய்கிறோம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, பிஸ்கட் தொழிற்சாலையா?" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் கிராக்கர் என்றால் உப்பு பிஸ்கட்டாம். நான் பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் என்று நம்பிச் சொல்லிவந்த ஒரு சொல் இங்கே தேநீரோடு தின்கிற பண்டம். மகன் என் மருந்தைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டான். வாத்தியார் என் பட்டாசைத் தட்டில் வைத்துவிட்டார். நடுவில் நான் கையை விரித்து, பொத்தி, "டும், டும்" என்று காட்டிக்கொண்டு நிற்கிறேன். சுற்றி நின்ற பெற்றோர் திரும்பிப் பார்க்கிறார்கள். கதிர் என் தோளைத் தொட்டு, "அம்மா, ப்ளீஸ்" என்றான்.

பஸ்ஸில் வரும்போதுதான் பேச்சு வந்தது. மருந்து என்றால் என்ன என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். காதுமடல் சிவந்திருந்தது. பிறகு, பரவாயில்லை, மார்க் போட்டாகிவிட்டது, நல்ல மார்க், அந்த அறை எதற்கு என்பது மதிப்பெண் அட்டவணையிலேயே இல்லை என்றான். கோடு சரியாக இருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா, பொருளை வீணாக்காமல் வடிவமைத்திருக்கிறானா, இதற்குத்தான் மார்க்காம்.

ஒரு பிள்ளைக்கு அறை கட்டச் சொல்லித்தருகிறீர்கள். அந்த அறைக்குள் நாலு உயிரை உட்கார வைக்கச் சொல்கிறீர்கள். அவர்கள் வெளியே வருவார்களா என்ற கேள்விக்கு உங்கள் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லையென்றால், நீங்கள் என்னத்தைத்தான் சொல்லித்தருகிறீர்கள்? பஸ்ஸிலேயே சத்தமாகக் கேட்டுவிட்டேன், தமிழில். யாரும் திரும்பவில்லை. இந்த ஊர் பஸ்ஸில் யார் எந்த மொழியில் கத்தினாலும் திரும்ப மாட்டார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை ராஜாத்திக்கு லீவு. எங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரம், அவளுக்கு விடிந்த நேரம். எப்போதும் ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் கிடக்கிறதா என்பதில் ஆரம்பித்து வெயிலில் முடிகிற பேச்சு. அன்றைக்கு நான் நேரே கம்ப்யூட்டருக்கு எதிரே போனைப் பிடித்தேன். அறை சுற்றியது.

"இது யாரு ரூமுக்கா?"

"ஒன் ரூமுதான். கதிரு போட்டது."

கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "எதுக்கு, ஏசி போட்டு அடக்கம் பண்றதுக்கா?" என்றாள். பிறகு கதிரைக் கூப்பிட்டாள். "ஏலே கதிரு, உள்ள போறதுக்குக் கார்டு குடுத்திருக்க. வெளிய வர்றதுக்கு யாருகிட்டலே கார்டு வாங்க?"

தூசி வராமல் இருப்பதற்காக என்று இவன் இழுத்தான்.

"தூசி வந்தா தும்மிக்கிடலாம்லே."

அவனும் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கிறபோது யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்து முடித்துவிட்டு, திரையைக் காட்டி, "சரி, இதுல எங் கதவு எது?" என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"புதுசா வர்ற புள்ளைக்கு மொதல்ல வேலை சொல்லிக்குடுக்க மாட்டோம். ஒங் கதவு எதுன்னு காட்டுவோம். நாலு பக்கமும் கதவு, ஆளுக்கு ஒண்ணு. அதப் பாத்துத்தான் உக்காரணும். கையி கொளாயப் பாக்கும், கண்ணு கதவப் பாக்கும். கட்டுன புருசனைக்கூட நான் அம்புட்டு நேரம் பாத்ததில்ல."

கதிர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டான். "உங்க கதவு எது, சித்தி?"

"மேற்கால கதவு," என்றாள். பிறகு சாதாரணமாக, உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்பது மாதிரி, "இப்ப அதுல லோடு கெடக்கு" என்றாள்.

நான் போனைப் பிடுங்கினேன். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. வடக்கே கல்யாண சீசன், ஆர்டர் ஏறிவிட்டது. கட்டி முடித்த பெட்டிகளை வைக்க இடமில்லையென்று அந்தக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் அடுக்குகிறார்கள். ஓடுகிறபோது தள்ளினால் திறக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கதவுகளெல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கிறவை. வெளியே பெட்டி இருந்தால் கதவு கதவில்லை, சுவர்தான். லாரி வருகிறவரைக்கும் அப்படித்தான் என்று போர்மேன் சொல்லிவிட்டாராம்.

"அப்ப நீ எந்தக் கதவைப் பாத்து உக்காந்திருக்க?" என்றேன்.

"அதத்தான். வேற எங்கன உக்கார? மத்த மூணும் மத்த மூணு பேருக்குல்லக்கா."

அடைத்த கதவைப் பார்த்துக்கொண்டு என் தங்கை மருந்து அடைக்கிறாள்.

கம்பெனி அலுவலகத்தில் லைசென்ஸுக்குக் கொடுத்த வரைபடம் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறதாம். அதில் நாலு கதவும் அழகாக இருக்கும். சோதனைக்கு வருகிறவர்கள் வருவது முன்கூட்டியே தெரியும், அன்றைக்குத் தாழ்வாரம் பெருக்கித் துடைத்திருக்கும். மறுநாள் லோடு. இங்கே படத்திலேயே ஒரு கதவு. அங்கே படத்தில் நாலு, ரூமில் மூன்று. எனக்கு எந்த ஊர் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் மேலும் கொஞ்சம் கோபம் உண்டு. பேப்பரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து.' எப்போதும் உராய்வுதான். உராய்வு என்று ஒருத்தன் இருக்கிறான் போல, அவனாக வருகிறான், அவனாக வெடிக்க வைக்கிறான், அவனாகப் போய்விடுகிறான். அவனை யாரும் பிடித்ததில்லை. கதவுக்கு வெளியே பெட்டி இருந்ததா என்று ஒரு பேப்பர்காரரும் எழுதி நான் படித்ததில்லை. நீங்களும் கேட்டதில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டு, இந்தத் தீபாவளிக்கு வெடி விலை எப்படி என்றுதான் கேட்கிறீர்கள்.

5

அன்றைக்கு ராஜாத்தியின் மகள் சுகன்யாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விருதுநகர் ரோட்டில் ஒரு காலேஜில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "பெரியம்மா, நல்லா இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள். அந்த சாஃப்ட்வேர் பெயரை அவளே சொன்னாள். அவளுக்கும் அதுதான் பாடமாம்.

கதிருக்குச் சந்தோஷம். அப்படியானால் நீயே ஒன்று செய்து அனுப்பேன் என்றான்.

அவள் சிரித்தாள். அவர்கள் காலேஜில் கம்ப்யூட்டர் ரூம் உண்டு. ஆய்வுக்கு ஆட்கள் வருகிற அன்றைக்குத்தான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம், கூட்டமாகப் போய் எதையாவது கெடுத்துவிடுவீர்கள் என்று பூட்டுதான். அதனால் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார். முதலில் இதை அமுக்கவும், பிறகு அதைத் தேர்ந்தெடுக்கவும், பிறகு இழுக்கவும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். திரையில் எப்படித் தெரியும் என்பதைப் பென்சிலால் ரெக்கார்டு நோட்டில் வரைகிறார்கள்.

"கட்டத்தை இழுத்துப் பெட்டியாக்குறது அஞ்சு மார்க் கேள்வி, பெரியம்மா. நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்," என்றாள். "இழுத்துத்தான் பாத்ததில்ல."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீச்சலை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்து மார்க் போடுகிறார்கள். இங்கே இருக்கிறவனுக்குக் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, மருந்து என்றால் என்ன என்று தெரியவில்லை. அங்கே இருக்கிறவளுக்கு மருந்து என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும், தினமும் சாயங்காலம் அது அம்மாவின் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது, கம்ப்யூட்டரைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கதிர் ஏதோ செய்தான். பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப்பைச் சுகன்யா இரவல் வாங்கி வந்தாள். இவன் கம்ப்யூட்டரில் இருக்கும் அறையை அங்கிருந்து அவள் அசைக்கலாம் என்றான். அசைத்தாள். வெகு நேரம் வேறெதுவும் செய்யவில்லை. அந்த அறையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுற்றிக்கொண்டே இருந்தாள். இவன் அவசரப்படுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் இருவரும் வேலையை ஆரம்பித்தார்கள். தடிச் சுவர் போனது. பூட்டு போனது. நாலு பக்கமும் கதவு வந்தது. நாலு பொம்மைகளையும் சுகன்யா ஒவ்வொன்றாகத் திருப்பி, ஆளுக்கொரு கதவைப் பார்க்க உட்கார வைத்தாள். கதிர் நிறுத்தினான். கதவை வரைந்தால் போதாது, சித்திக்கு அங்கேயும் கதவு இருக்கத்தான் செய்கிறது, அதன்மேல் பெட்டியை அடுக்கினால் என்ன செய்வது என்றான். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளைதான் இதைக் கேட்டது.

சுகன்யாதான் வழி சொன்னாள். "பஜார்ல கடைக்காரங்க, யாரும் வந்து உக்காந்துரக் கூடாதுன்னு வாசப்படியைச் சரிவாக் கட்டிவச்சிருப்பாகள்ல. அது மாதிரி கதவுக்கு வெளிய தரையச் சரிவாக் கட்டிட்டா? ஆளு ஓடலாம். பெட்டி நிக்காது."

கட்டினார்கள். சரிவின்மேல் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். சறுக்கியது. இரண்டு வைத்தார்கள். இரண்டும் சறுக்கி, கம்ப்யூட்டர் போட்ட பச்சைத் தரையில் உருண்டு போயின. அந்தப் பக்கத்தில் ராஜாத்தி, "இன்னொண்ணு வையி, இன்னொண்ணு வையி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

6

புதிய மாடலைக் கொடுக்கப்போனால், கொடுக்க முடியாது என்றது இணையதளம். மறுசமர்ப்பிப்புக்குத் தனி விண்ணப்பம், பெற்றோர் ஒப்புதலோடு. காரணம் என்ன என்று மறுபடியும் ஒரு கட்டம். நோய், குடும்பத்தில் மரணம், தொழில்நுட்பக் கோளாறு. அம்மா சொன்னது எனக்குப் புரியவில்லை என்று ஒரு காரணம் அங்கே இல்லை. குடும்பத்தில் மரணம் என்ற வரியைப் பார்த்ததும் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கதிர் கோளாறு என்பதை அமுக்கினான்.

அடுத்த பக்கத்தில்தான் சிக்கல் இருந்தது. புதியதைக் கொடுத்தால் பழையது அழிந்துவிடும். இரண்டில் எது நல்ல மார்க்கோ அதை எடுத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. தாமதத்துக்கும் மார்க் குறையும்.

நான்தான் பயந்தேன். பல்கலைக்கழகம் என்கிறான், மார்க்கைப் பார்ப்பார்கள் என்கிறான். எட்டாவதோடு நின்ற வீட்டிலிருந்து ஒருவன் மேலே போகிற நேரம். பழையது இருந்துவிட்டுப் போகட்டும், புதியதைச் சித்திக்கு மட்டும் அனுப்பலாம் என்றேன். ஒரே கதவு வைத்த அறையைப் பார்த்து நடுங்கிய நானேதான் சொன்னேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அதுல அவங்களுக்குக் கதவு இல்லம்மா," என்றான். அமுக்கிவிட்டான்.

மார்க் வந்தது. முன்பு வாங்கியதிலிருந்து நன்றாகவே இறங்கியிருந்தது. தாமதத்துக்குக் குறைத்ததை நான் கேட்கவில்லை. கீழே எழுதியிருந்த குறிப்புக்குத்தான் நேரம் வாங்கினேன். இவ்வளவு சிறிய அறைக்கு நாலு கதவு தேவைக்கு அதிகம், பொருள் விரயம். வாசலுக்கு வெளியே உள்ள சரிவு சக்கர நாற்காலிக்கு உரிய அளவில் இல்லை.

7

பத்து நிமிடம். கதிர் மொழிபெயர்க்க உட்கார்ந்தான். இந்த முறை சேலைக்குமேல் போட்டிருந்த அங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆசிரியர் கெட்டவர் இல்லை. அட்டவணையை என் பக்கம் திருப்பி ஒவ்வொரு வரியாகக் காட்டினார். எல்லா மாணவருக்கும் ஒரே அளவுகோல் என்றார். உங்கள் ஊரின் பின்னணி தனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது என்றார். சுவாரசியம் என்று சொன்னதும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"நாலு கதவு அதிகம்னு எழுதியிருக்காரு. எதை அடைக்கட்டும்னு கேளு," என்றேன் கதிரிடம். "வடக்கா, தெக்கா, கெழக்கா, மேக்கா. சொல்லச் சொல்லு. அதப் பாத்து உக்காந்திருக்கிறவளுக்கு நான் போன் போட்டுச் சொல்லிருதேன்."

கதிர் மொழிபெயர்த்தான். ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை. அவன் இங்கிலீஷ் பேசுவதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அவர் மாடலைத் திறந்தார். சுற்றினார். பேனாவை எடுத்தார், வைத்தார். ஒரு கதவின்மேல் அம்புக்குறி போய் நின்றது, பிறகு நகர்ந்துவிட்டது. கதவுக்கு வெளியே அடுத்த பெற்றோர் வந்து நின்றுவிட்டார்கள். யோசிக்கிறேன் என்றார். அடுத்த வருஷம் அட்டவணையை மாற்றும்போது இதை எடுத்துச் சொல்வதாகக் குறித்துக்கொண்டார். மார்க் மாறவில்லை. மாறாது.

ஊரிலும் ஒன்றும் மாறிவிடவில்லை. பெட்டி சறுக்குகிற வீடியோவை ராஜாத்தி கம்பெனி வேனில் எல்லோருக்கும் காட்டினாளாம். அவ்வளவு சிரிப்பாம். மறுநாள் நாலு பெண்களும் உட்காருவதற்கு முன்னால் மேற்குக் கதவிலிருந்த பெட்டிகளைத் தூக்கித் தள்ளி வைத்திருக்கிறார்கள். போர்மேன் சத்தம் போட்டிருக்கிறார். "கனடாக்காரனுக்கென்ன, லோடு ஏத்துறது நாமதான," என்றாராம். சரிவு கட்டுவதற்கு முதலாளியிடம் பேசுகிறேன் என்றும் சொன்னாராம். பேசினாரா என்று தெரியாது. பெட்டிகள் திரும்ப வருகின்றன. இவர்கள் திரும்ப நகர்த்துகிறார்கள். காலையில் கதவு இருக்கிறது, ஆர்டர் ஏற ஏறக் கதவு சுவராகிறது.

இப்போதெல்லாம் நாங்கள் சாப்பிட உட்காருகிற நேரத்துக்குக் கதிரே போன் போடுகிறான். அங்கே விடிந்து அவள் வேனுக்குக் கிளம்புகிற நேரம். நலமா என்று கேட்பதில்லை, அணையில் தண்ணீர் கிடக்கிறதா என்றும் கேட்பதில்லை. நேற்றும் கேட்டான். தடுமாறாமல், எங்கள் ஊர்க்காரன் மாதிரியே கேட்டான்.

"சித்தி, நேத்து ஒங் கதவு தொறந்திருந்துச்சா?"

அந்தப் பக்கம் வேன் ஹாரன் அடித்தது. அவள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"மத்தியானம் வரைக்கும் இருந்துச்சுலே."